அறுபது மாதத்தில் தொடங்கிய பேரம்

என் வலது தொடைக் கட்டியிலிருந்து எடுத்த புரதம், ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது. மறுநாள் நேரில் வந்து என் முடிவைக் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். துணைக்கு இருவருக்கு மேல் கூடாது. துண்டு ஒன்று கொண்டுவர வேண்டும்.

துண்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் மிளகாய் வற்றல் மண்டிகளில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. இரண்டு பேர் கையைச் சேர்த்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. ஆஸ்பத்திரியும் எங்கள் ஊரில்தானே இருக்கிறது.

என் மனைவி வளர்மதி வந்தாள். அக்கா வீட்டுக்காரர் ஜெயபாண்டி அத்தானும் வந்தார். அத்தான் கை வைத்த பேரத்தில் எதிராளி அழாமல் போனதில்லை. பெண் பார்க்க வந்த அன்றே என் அக்காவின் வயதில் நான்கு வருடம் குறைத்து முடித்தவர். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணன். பழக்கத்தில் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

"மாப்ள, மொகத்துல ஆசையக் காட்டிராத," என்றார் படிக்கட்டில். "எதக் காட்டுனாலும் சொத்தைன்னு சொல்லு."

"அண்ணே, இது மொளகா இல்ல," என்றாள் வளர்மதி.

"எல்லாம் மொளகாதாம்மா."

மூன்றாம் மாடி வராந்தாவில் பன்னிரண்டு கதவுகள் இருந்தன. ஐந்தாவது கதவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் முடிவு வரவில்லை என்று இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். வளர்மதி போட்டாள். அத்தான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காகிதம் மட்டம் என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

பன்னிரண்டாவது கதவுக்குள் பெரிய கூடம். எங்களுக்கு முன்னால் முழங்காலில் கட்டி உள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய புரதம் துண்டுக்குள் என்னவோ செய்தது. அவர் உடனே "சரிங்க" என்று எழுந்துவிட்டார். இருபத்து நாலு மாதம் என்று கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

"சொன்ன சொல்லுக்கே வாங்கிட்டுப் போறான் பாரு," என்றார் அத்தான். "எந்த ஊர்க்காரனோ."

என் புரதம் எழுந்து கும்பிட்டது. என் மூக்கு. என் வழுக்கை. லேசான டீ நிறத்தில் சட்டை போட்டிருந்தது. பக்கத்தில் டாக்டர் கிளாடிஸ் வண்ண அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அட்டையைச் சட்டைமேல் வைத்துப் பார்த்தார்.

"சட்டை எவ்வளவு பழுப்போ, கட்டி அவ்வளவு வேகமா பரவும்," என்றார். "உங்களுக்கு ஒரு பிளஸ்தான். அதிர்ஷ்டக்காரர்."

வளர்மதி கைகூப்பினாள். "பொண்ணு எட்டாவது படிக்கிறா, டாக்டர். அவ பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் இவுக இருந்தாப் போதும்."

"எண் சொல்றது நான் இல்லம்மா. இவரு."

"அண்ணாச்சி, கால நீட்டி உக்காருங்க," என்றது புரதம். "நான் அங்கனதான இருந்தேன். வலி எனக்குத் தெரியாதா?"

நல்ல குணம். என் உடம்பிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மாசக் கணக்கு. பத்து பத்தா," என்று வாயால் சொல்லிவிட்டுத் துண்டைப் போட்டது. உள்ளே என் கையை முழுதாகப் பிடித்தது. விட்டது. பிறகு ஒரு விரலைப் பிடித்தது. ஐந்தும் ஒன்றும் ஆறு.

அறுபது. ஐந்து வருடம். மகள் பன்னிரண்டாவது முடித்து, ஏதோ ஒரு காலேஜில் சேர்ந்து, ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று அழுது போன் செய்யும் வரை இருப்பேன்.

போதும் என்று தலை சொன்னது. ஆனால் துண்டுக்குக் கீழே இருந்தது தலை இல்லை.

முதலில் சொன்ன விலையைப் பாதியாக்காமல் விட்டவர் எங்கள் வம்சத்தில் யாருமில்லை. கட்டிலோ, கல்யாண மண்டபமோ, போலீஸ்காரர் சொல்லும் அபராதமோ, பாதி. என் கை புரதத்தின் மூன்று விரல்களைப் பிடித்து அழுத்தியது.

புரதத்தின் முகம் வாடியது. "என்ன அண்ணாச்சி, இப்படிக் கேக்குறீங்க! அறுபதும் அசல் மாசம். கலப்படம் கிடையாது."

"வலி உள்ள மாசம் எத்தன?" என்றார் அத்தான், பின்னாலிருந்து.

"பன்னெண்டு வரும். நான் மறைக்கல."

"சொத்தை. கழி."

சட்டை காபி நிறத்துக்கு வந்தது. டாக்டர் கிளாடிஸ் அட்டையை வைத்துப் பார்த்து, "ரெண்டு பிளஸ்," என்று எழுதிக்கொண்டார்.

அத்தான் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டார். நோயாளிக்காக உறவினர் பேசலாம் என்று படிவத்தின் பின்பக்கம் இருந்தது. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். உள்ளே துண்டு மட்டும் எலி போன மாதிரி அசைந்தது.

"ஆப்பரேஷன் பண்ணிப் படுத்துக் கெடக்குற மாசம்?"

"நாலு."

"கழி. மழை மாசம்?"

"அதுல என்ன அண்ணாச்சி குத்தம்?"

"வத்தல் நமுத்துப்போகும். கழி."

வளர்மதி பொறுக்கமாட்டாமல், "அண்ணே, எவ்வளவுல நிக்கிது?" என்றாள்.

"முப்பத்தாறுக்குக் கொண்டாந்துட்டேன்மா. அறுபதுல இருந்து!"

கூடத்தில் சிலர் கை தட்டினார்கள். வளர்மதி தட்டவில்லை.

"அண்ணே," என்றாள். "அது நமக்குக் குடுக்கிறது. நாம குடுக்கிறது இல்ல."

கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அன்றுதான்.

"சரிதாம்மா," என்றார் மெதுவாக. "ஆனா வாங்க வந்தவன் ஏத்திக் கேட்டான்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் நம்ம துண்டுக்குள்ள கை விடுவான்?"

வளர்மதி அவரை விட்டுவிட்டுப் புரதத்திடம் திரும்பினாள். "நாங்க அறுபதே எடுத்துக்கிறோம்யா. சொன்னபடியே குடுத்துரு."

"அக்கா, எனக்கும் அதான் ஆசை," என்றது புரதம். கண் கலங்கியிருந்தது. "நீங்க சொன்னா செல்லாது. அண்ணாச்சி வாயால சொல்லணும். சொல்லச் சொல்லுங்கக்கா. அஞ்சு மணிக்குள்ள ஒப்புதல் இல்லேன்னா என்னையப் பார்மலின் பாட்டில்ல போட்டுருவாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் வளர்மதி. "அறுபது. ஒரே ஒரு சொல்லு."

அறுபது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"முப்பத்தாறே ஜாஸ்தி," என்றேன்.

அத்தானின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எந்திரி மாப்ள," என்றார். "போவோம்."

இது கடைசி ஆயுதம். வேண்டாம் என்று எழுந்து நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவான். திரும்பாமல் நடந்தால் இன்னும் குறைத்துக் கூப்பிடுவான். துண்டு தோளுக்குப் போனபின் எண்ணைக் கத்தலாம், தப்பில்லை. நாங்கள் வராந்தாவுக்கு வந்தோம்.

"முப்பது!" என்றது புரதம்.

"திரும்பாத," என்றார் அத்தான்.

பன்னிரண்டு கதவுகளையும் தாண்டினோம். பதின்மூன்றாவது கதவு வந்தது. அதற்குப் பின் இன்னும் இருந்தன. பேண்ட் வலது தொடையில் இறுக்கிப் பிடித்தது.

"இருபது, அண்ணாச்சி!"

வளர்மதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருபதாவது எடுங்க. அவ பத்தாவது பரீட்சைக்குப் பக்கத்துல போயிருவா."

"தங்கச்சி, நடையக் கெடுக்காத," என்றார் அத்தான். "இப்பத்தான் எறங்கி வாரான்."

"பத்து!"

பின்னால் எங்கோ டாக்டர் கிளாடிஸ், "மூணு பிளஸ்," என்றார். அவருக்கு அதற்குமேல் அட்டையில் இடமில்லை.

"ஆறு! அண்ணாச்சி, ஆறு!"

"ஏங்க, அடுத்த வகுப்புக்குப் பள்ளிக்கூடம் தொறக்கவே அஞ்சு மாசம் இருக்கு. அவளக் கொண்டுபோயி ஒம்பதாவதுல விட்டுட்டு வந்துரலாம். ஆறு எடுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாற்பதாவது கதவைத் தாண்டிக்கொண்டிருந்தேன். தையல் பிரிந்து பேண்ட் கிழிந்தது. காலை இழுத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் நடையில் ஆசை தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"ரெண்டு."

"ஒண்ணு, அண்ணாச்சி."

அத்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பொறு," என்றார். "பொறு மாப்ள."

பிறகு சத்தமே இல்லை. வளர்மதி சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் நின்றோம், ஆனால் திரும்பவில்லை.

வெகு தூரத்திலிருந்து, தொண்டை கட்டிய குரலில் புரதம் கத்தியது.

"சும்மாவே எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி!"

அத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார். முப்பது வருட மண்டியில் அவர் யாரையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததில்லை. அவருடைய அப்பாவும் கொண்டுவந்ததில்லை.

"போ மாப்ள," என்றார். "போயி வாங்கிக்க. நீதான் வாங்கணும்."

நான் திரும்பினேன். வளர்மதி உட்கார்ந்தபடியே என் காலைப் பிடித்துக்கொண்டாள். கட்டி இருந்த கால். அவளுக்கு வியாபாரம் புரியாது. அவளுடைய அப்பா வாத்தியார்.

"சும்மா குடுக்கான்மா," என்று குனிந்து விளக்கினேன்.

அவள் என்னையே பார்த்தாள். விடவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, புரதம் மனம் மாறுவதற்குள், நொண்டிக்கொண்டே ஓடினேன்.