எல்லாருக்கும் போன செய்தி

அப்பாவின் போனில் இருந்த எல்லாப் பெயர்களுக்கும் மரணச் செய்தியை அனுப்பிவிட்டுத்தான் மிரான் துக்க உடையின் நாடாவைக் கட்டினாள். யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று பொறுக்கிக்கொண்டிருப்பது கொரியாவின் இன்சொனில் வழக்கமில்லை. பல் டாக்டருக்கும் போகும், மீன் கடைக்கும் போகும்.

அஞ்சலி அறையில் மாலைகளுக்கு நடுவே படத்தில் அப்பா குவோன் தே-சிக், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், சீட்டு வாங்காமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார். வேறு நல்ல படம் இல்லை. நேற்றுக் காலை டிப்போ பெஞ்சில் அவர் இதயம் நின்றுபோனது.

அப்பாவின் போன் அதிர்ந்தது. 'சோரா' என்று ஒரு பெயர்.

"செத்த மாதிரி நடிக்கிறியா, கிழவா? ஆறு மணி வரைக்கும்தான். அப்புறம் வீடியோ எல்லாருக்கும் போகும்."

மிரான் மேலே தள்ளிப் படித்தாள். ஐந்து வாரம் 'சாப்டீங்களா', 'குளிருதா'. அம்மா போன பிறகு அவரை அப்படி யார் கேட்டார்கள்? அவளே கேட்டதில்லை. அதன்பின் ஒரு வீடியோ, அப்பா போனிலிருந்து திருடிய பெயர்ப் பட்டியல், அதன்பின் மிரட்டல். கடைசியாக, நேற்றுக் காலை அப்பா எழுதியது:

"யாருக்கு வேணா அனுப்பு. என் பொண்ணுக்கு மட்டும் வேணாம்."

'அப்பா நிஜமாவே இறந்துட்டார்' என்று அனுப்பினாள்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்று பதில் வந்தது.

ஐந்தே முக்கால். சாப்பாட்டுக் கூடத்தில் அப்பாவோடு வேலை பார்த்த எட்டு டிரைவர்கள் மாட்டிறைச்சி சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மிரான் போய் மண்டியிட்டாள்.

"பெரியப்பா, ஆறு மணிக்கு உங்க போனுக்கெல்லாம் அப்பாவோட ஒரு வீடியோ வரும். எவனோ பொம்பளை மாதிரி பேசி ஏமாத்தி எடுத்தது. அதுல அப்பா... துணியில்லாம..."

எட்டுக் கரண்டிகளும் நின்றன.

மூத்தவர் பியோன் மெல்ல உதட்டைத் துடைத்தார்.

"இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை பொதுக் குளியலறையில அம்மணமா உக்காந்த உங்கப்பன் முதுகைத் தேய்ச்சவன் நான். அவன்கிட்ட நாங்க பாக்காதது என்னம்மா இருக்கு?"

"தேய்ச்சதுக்கு ஒரு வாழைப்பழப் பால்கூட வாங்கித் தரமாட்டான், கஞ்சன்," என்றார் இன்னொருவர். சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பியோன் தன் போனை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும்.

ஆறு மணிக்கு எட்டுப் போன்களும் உறுமின. சோஜு மதுக் கிண்ணங்கள் லேசாக நடுங்கின.

"சூப் ஆறுது, சாப்பிடுங்கடா," என்றார் பியோன்.

கரண்டிகள் நகர்ந்தன. மிரானின் இடுப்பில் அவளுடைய போனும் அதிர்ந்து ஓய்ந்தது. அவள் அதைத் தொடாமல், பியோனின் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சூப் அண்டா பக்கம் போனாள்.