லேபிள் இல்லாத குப்பி

பல்லால் சட்டம் தூக்கிக் காட்டச் சொல்லிப் பூவனலிங்கத்தை யாரும் கேட்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்குகிறவர் அவர். குச்சி அடுக்கிய சட்டத்தைக் கையால் தூக்கித் தொட்டியில் முக்குவதுதான் ஊர் உலக வழக்கம். புழுக்கத்தில் பெண்கள் வாடிப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மதியம் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"பல்லால தூக்கட்டா?"

"தூக்கும், பாப்பம்" என்றாள் குச்சி அடுக்குகிற மாரித்தாய்.

சட்டம் எழும்பியது. முந்தாநாள் பல் டாக்டர் காசிராஜன் கடைவாய்ப்பல்லில் பூசிய வெள்ளைச் சிமெண்டும் பெயர்ந்து தொட்டிக்குள் விழுந்தது.

"அண்ணாச்சி பல்லு எந்தப் பெட்டியில போவுதோ" என்றாள் மாரித்தாய். பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

சிமெண்டுக்கு அடியில் நரம்பைச் சாகடிக்கிற மருந்து இருந்தது. அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு வேரைச் சுத்தம் செய்து அடைப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். நடுவில் இன்னொரு லீவு கேட்டால் கணக்குப்பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்று பூவனலிங்கத்துக்குத் தெரியும். குச்சித் தலையில் மருந்தைப் பிடித்து நிறுத்துகிற வஜ்ரப்பசை ஒரு பல்லில் நிற்காதா என்று, ஒரு துளி கிள்ளி ஓட்டையை அடைத்துக்கொண்டார். தன் சாமர்த்தியத்தை நாலு பேரிடம் சொல்லவும் செய்தார்.

ஈறு சுண்ணாம்பாய் வெளுத்தது, பிறகு கறுத்தது. ஒருநாள் அரிசி அளவு எலும்பு நாக்கில் தட்டுப்பட்டது.

டாக்டர் பல்லைப் பிடுங்கிவிட்டு, "வஜ்ரத்தையா வாயில வச்சீரு?" என்றார். ஆபீஸ் முழுக்க அதுவே பேச்சாயிற்று. பூவனலிங்கமும் தன்னைச் சொல்லித் தானே சிரித்தார். ஆனால் ராத்திரிச் சோற்றை ஒரு பக்கமாக மெல்லும்போது கையைப் பார்ப்பார். இருபது வருஷமாக வஜ்ரத்தில் கிடக்கிற கை. தோல் தடித்திருக்கிறது. எங்கேயும் அரித்ததில்லை.

இப்போது டாக்டரின் அதே நாற்காலியில் அவர் மனைவி காளீஸ்வரி சாய்ந்திருந்தாள். அதே ஆபீசில் பெட்டி ஒட்டுகிறவள். ஆபீஸ் ஆட்களுக்குப் பல்வலி என்றால் முதலாளி அனுப்புவது இந்த டாக்டரிடம்தான். டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். அவர் பல்லுக்கு மருந்து எடுத்த அதே குப்பி. லேபிள் இல்லை.

"சார், அது என்ன மருந்து?" என்றார் பக்கத்தில் நின்ற பூவனலிங்கம்.

"நரம்புக்குள்ளது."

"அதான், பேரு?"

"பேரச் சொன்னா உமக்குப் புரியவா போவுது?"

"குளோரேட்டு, கந்தகம்னு பேரு சொல்லித்தான சார் நாங்களே கலக்குதோம். பேரு தெரியாதத தொட்டியில போட்டா போர்மேன் கொன்னுருவாரு. இது வாயில போடுததுல்லா."

"எல்லா ஊர்லயும் போடுததுதான்யா." டாக்டர் குப்பியைத் திறந்தார். "அம்மா, வாயை நல்லாத் திறங்க."

காளீஸ்வரி திறந்தாள். கண் மட்டும் கணவன் பக்கம் வந்தது. வேடிக்கை பண்ணி இதையும் கெடுத்துவிடாதீர் என்பது போல ஒரு பார்வை. பூவனலிங்கத்துக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

"இவ வஜ்ரம் எதுவும் வைக்கல சார். இவளுக்கும் ஈறு கறுத்தா யாரச் சொல்லுவிய?"

டாக்டர் பஞ்சைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரட்டைச் சடை போட்ட அவர் மகளின் படம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். உங்க பிள்ளைக்குப் பல்லு வலிச்சா இத வைப்பியளா?"

பக்கத்து வீட்டு மிக்சி ஓடி நின்றது. டாக்டர் குப்பியைத் திருகி மூடினார்.

"வைக்க மாட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "இதுல பாஷாணம் இருக்கு. கசிஞ்சா எலும்பத் தின்னுரும். உம்ம வஜ்ரம் ஒண்ணும் செய்யல. எம்மவளுக்குன்னா மரத்துப்போக ஊசி போட்டு, நாலஞ்சு தடவ வரவச்சு நிதானமாச் செய்வேன். ஒங்க ஆளுகள ரெண்டு தடவைக்கு மேல விடமாட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

காளீஸ்வரியிடம் மூடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்தபடியே இருந்தாள்.