செலஸ்டின் ஸ்நோ

செலஸ்டின் தன் பெயர் ஒட்டிய கண்ணாடி ஜாடிக்குள் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் முகத்துக்குப் பூசும் ஸ்நோவைக் கரண்டிக் காம்பால் அடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் ரெமிஜியஸ் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அடைத்த பிறகு மேலே விரலை விட்டு ஒரு குழி பறித்தாள். புதிதாகத் திறந்த ஜாடி போலத் தெரியக் கூடாதே. ரோஜா எசென்ஸ் சீசாவிலிருந்து ஒரு சொட்டு விட்டுக் கலக்கினாள். பம்பாய் ஸ்நோவுக்கு மல்லிகை வாசனை, செலஸ்டின் ஸ்நோவுக்கு ரோஜா. திருட்டு என்று இறங்கிவிட்டால் அதையும் நறுவிசாகச் செய்ய வேண்டாமா? காலி டப்பாவை அரிசி டின்னின் அடியில் புதைத்துவிட்டு நிமிரும்போது வாசலில் குடம் இறங்கும் சத்தம் கேட்டது.

வெள்ளைக்காரப் பட்டாளம் பெங்களூரைக் காலி செய்துவிட்டுப் போய் எட்டொன்பது வருஷம் ஆகியிருந்தது. துரைசானிகள் போனார்களே தவிர அவர்கள் பூசிக்கொண்ட ஸ்நோவும் பவுடரும் போகவில்லை. கமர்ஷியல் தெருக் கடைகளின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்கி, லிங்கராஜபுரத்து ஓட்டு வீடுகளின் மாடங்களுக்கு வந்து சேர்ந்திருந்தன. ரெமிஜியஸ் கண்டோன்மென்ட்டில் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர். களிம்பு குழைப்பதும் மருந்து மிக்ஸ்சர் கலக்குவதும் அவனுக்குக் கைவந்த வேலை. அந்தக் கடையில் விற்கும் ஸ்நோ ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, மெழுகும் சோப்புக்குப் போடுகிற காரமும் கிளிசரினும் வாசனையும்தானே என்று ஒரு நாள் அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

முதல் சட்டியை இறக்கிய அன்று புறங்கையில் ஒரு பொட்டு தடவிப் பார்த்து, பட்டுப் போல இருக்கிறது என்றான். வருஷக் கணக்காகக் காரத்தில் ஊறிய கை அது. கொதிக்கிற சட்டியைத் துணி பிடிக்காமல் இறக்குகிற கை. அதற்கு என்ன எரிச்சல் தெரியப் போகிறது? அடுத்ததாக செலஸ்டின் பூசிக்கொண்டாள். பூசிய கொஞ்ச நேரத்தில் கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்து அப்பியது போலக் காந்தியது. கொல்லைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தாள்.

"எப்பிடிக் கீது?" என்று கேட்டான்.

"ஜில்லுனு கீதுங்க" என்றாள்.

அன்று காலைதான் அவன் கடைக்காரரிடம் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்தச் சேதியை அவளிடம் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. அந்த முகத்தைப் பார்த்து எரிகிறது என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். மூன்றாம் நாள் அச்சகத்திலிருந்து லேபிள் கட்டு வந்தது. அவள் பெயரையே வைத்திருந்தான். 'செலஸ்டின் ஸ்நோ' என்று வளைந்த எழுத்தில், சுற்றிலும் ரோஜாக்கொடி. "உங்கப்பாரு உனக்கு இந்தப் பேரு வெச்சதே இதுக்குத்தான் செலி. சீமைச் சரக்கு மாதிரியே கீது பாரு" என்றான். அதற்கு மேல் அவள் எங்கே வாயைத் திறப்பாள்?

அதிலிருந்து தினமும் ஒரு நாடகம். விடியலில் பயத்தம் மாவு தேய்த்து முகம் கழுவுவாள். வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் ரெமிஜியஸ் மாட்டிவைத்த கண்ணாடிக்கு முன்னால் உட்காருவாள். ஜாடியைத் திறந்து நெற்றியில், மூக்கில், இரு கன்னத்தில், முகவாயில் ஒவ்வொரு பொட்டு வைத்து, மேல்முகமாகவே இழுத்துத் தேய்ப்பாள். கீழ்முகமாகத் தேய்த்தால் கன்னம் தொங்கிவிடும் என்று ஓர் ஆங்கிலோ இந்தியக்காரி சொல்லிக் கொடுத்தது. மேலே பஞ்சால் பவுடரை ஒற்றி, புருவத்தில் படிந்ததை ஈர விரலால் துடைத்து, கடைசியில் கண்ணுக்கு மெல்லிய ஒரு கோடு மை. தண்ணீருக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவள் இயல்பிலேயே நல்ல தோல்காரி. ரெமிஜியஸுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இங்கே குஞ்சும் பொன்னாகவே இருந்ததாக ஊர் நம்பியது, அவ்வளவுதான்.

ஸ்நோ வாங்கிய ஒன்றிரண்டு பேர் எரிகிறது என்று சொல்லாமல் இல்லை. "அது வேல செய்யுது" என்பான் ரெமிஜியஸ். அந்தத் தெருப் பெண்கள் சிக்கனக்காரிகள், ஒரு ஜாடியை மாசக்கணக்கில் ஓட்டுவார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நுனிவிரலால் தொட்டுப் பூசினால் அதிலே பெரிய சேதம் வந்துவிடாது. செலஸ்டினும் அதைச் சொல்லித்தான் தன் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் பிளாக்பள்ளி மாதா கோயில் திருவிழாவுக்குக் கடை போடவென்று ரெமிஜியஸ் பெரிய சட்டியில் ஒரு கொதி இறக்கினான். முத்துப் போல மினுக்கு வர வேண்டும் என்று காரத்தை ஒரு பிடி கூட்டிப் போட்டான். மினுக்கும் வந்தது.

அந்தக் கொதியின் முதல் ஜாடியை வாங்கியது பக்கத்து வீட்டுக் காந்தா. சந்திரம்மாவின் ஒரே மகள். சந்திரம்மா கிளீவ்லண்ட் டவுனில் ஒரு வீட்டில் ஆயா வேலை பார்த்து அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். கமர்ஷியல் தெருவில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பெண்கள் பகுதிக்குத் தமிழ், கன்னடம், கொஞ்சம் இங்கிலீஷ் பேசத் தெரிந்த பெண் வேண்டுமென்று காந்தாவை எடுத்திருந்தார்கள். அதுவரை அந்தக் கடையில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பெண்கள்தான் நின்றார்கள். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே போய் நிற்பது தெருவுக்கே பெருமை. அவள் மகிழ்ந்து ஓடிவந்து சொன்ன அன்று, செலஸ்டின் அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்துத் தன் ஜாடியிலிருந்தே எடுத்துப் பூசிவிட்டாள். ஆசையில் செய்தது. காந்தா கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். மறுநாள் ரெமிஜியஸிடம் வந்து தனக்கென்று ஒரு ஜாடி கேட்டு வாங்கிப் போனாள். செலஸ்டின் அப்போது கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் காந்தாவைத் தேடிப் போனாள். "ராத்திரில பூசாத, நெறைய பூசாத" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். வேலைக்குப் போகப் போகிற பதினெட்டு வயசுப் பெண்ணிடம் போய் ஸ்நோவைக் கொஞ்சமாகப் பூசு என்றால் கேட்கவா போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செலஸ்டினும் ரெமிஜியஸும் வீடு திரும்பியபோது சந்திரம்மாவும் காந்தாவும் வாசலில் காத்திருந்தார்கள். காந்தா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். சந்திரம்மா அதை விலக்கினாள். இரு கன்னமும் சிவந்து தடித்து, மூக்கின் ஓரமாகத் தோல் உரிந்து, முகவாயில் பொரிப்பொரியாக இருந்தது. செலஸ்டினுக்குக் கையிலிருந்த ஜெபமாலை நழுவியது.

"நேத்து கடைல வேல காட்டறதுக்குக் கூப்ட்டாங்க தம்பி" என்றாள் சந்திரம்மா. "மேனேஜரு தூரத்துலேந்தே பாத்துட்டு, அம்ம போட்டுக்கீது, உள்ள வராதன்னு தொரத்திட்டாரு. அம்ம இல்ல சாமின்னு சொன்னா யாரு கேக்கறாங்க? செவ்வாக்கெழமைக்குள்ள வேற ஆள எடுத்துப்பாங்களாம்."

ரெமிஜியஸ் காந்தாவை உள்ளே அழைத்து வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தான். கம்பவுண்டர் பார்வை. "வேற இன்னா போட்ட? எலுமிச்சம்பழமா? மஞ்சளா?"

"ஒண்ணும் போடல அண்ணா. ஸ்நோ மட்டுந்தான். ராத்திரி பூசிகினு படுத்தேன்."

"நான் சண்ட போட வரல தம்பி" என்றாள் சந்திரம்மா. "நாளைக்கி நீங்க எங்களோட ஒரு நடை வரணும். இது சீக்கு இல்ல, எங்க ஸ்நோ பண்ண வேல, ஆறிடும்னு மேனேஜருகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். மருந்துக் கடைல இருந்தவரு, உங்க பேச்சுக்கு மதிப்பு கீது."

ரெமிஜியஸ் யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை. பொய் சொல்லவும் தெரியாதவன். அதுதான் சங்கடமே. "எப்பிடிக்கா சொல்றது? ஸ்நோவாலன்னு தெரிஞ்சா சொல்லலாம். தெரியாம எப்பிடி சொல்றது? கமர்ஷியல் தெரு பூரா பேசுவாங்க. திருவிழாவுக்குச் சட்டி நெறைய வெச்சிகினு கீறேன்." பிறகு செலஸ்டினின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். "தோ, இவ தினம் இதத்தான் பூசறா. நீங்களே தினம் பாக்கறீங்க. இவ மூஞ்சில ஒரு பொரி கீதா, சொல்லுங்க."

சந்திரம்மா பார்த்தாள். காந்தாவும் பார்த்தாள். செலஸ்டின் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அந்தச் சமயத்தில் அவள் முகத்தைப் போல அவளுக்கு வெறுப்பான பொருள் உலகத்தில் வேறில்லை.

"ஆமாம்மா" என்றாள் காந்தா மெல்ல. "அன்னிக்கி செலிக்கா எனக்கே பூசிவுட்டாங்க. ஒண்ணும் ஆகல. என் தோல்லதான் ஏதோ கோளாறு."

சந்திரம்மா முந்தானையை மறுபடி மகளின் முகத்தில் இழுத்துவிட்டாள். "எல்லாத் தோலும் ஒண்ணாயிடுமா" என்றாள். யாரையும் குறை சொல்லவில்லை. அப்படியே திரும்பிப் படியிறங்கினாள்.

அவர்கள் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஜாடிகள் விற்றுப் போகும். அவள் நாளைக்கும் ஐந்து பொட்டு வைத்து மேல்முகமாக இழுத்துத் தேய்ப்பாள். காந்தா வேறு எங்காவது வேலை தேடுவாள், இல்லாவிட்டால் அம்மாவோடு ஆயா வேலைக்குப் போவாள், சாகிற வரைக்கும் தன் தோலில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு. அந்தக் கடைசி நினைப்பைத்தான் செலஸ்டினால் தாங்க முடியவில்லை.

"இருங்கக்கா" என்றாள். "நான் பூசறது இது இல்ல."

ரெமிஜியஸ் சிரித்தான். "இன்னா செலி."

"ஜாடிதான் நம்முளுது. உள்ள இருக்கறது பம்பாய் ஸ்நோ. காந்தாவுக்குப் பூசினதும் அதான்."

செலஸ்டின் உள்ளே போய் அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். டப்பாவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். இடுக்கில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. ரெமிஜியஸ் டப்பாவைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான்.

"எப்பலேந்து?"

"மொதல் நாள்லேந்து. எரிஞ்சிச்சு."

"ஜில்லுனு கீதுன்னு சொன்ன."

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. காரத்த கொறச்சிருப்பேன். அவ்ளோதான வேல. ஒரு வார்த்த."

அவள் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. சொன்னால் அவன் உடைந்துபோவான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சொன்னால் சரிசெய்துவிடுவான் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. தன் புருஷனை எவ்வளவு சின்னவனாக எடைபோட்டு வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது. சந்திரம்மா எதிரில் அழக் கூடாது என்று மென்று விழுங்கினாள்.

"நாளைக்கி நான் வரேன்கா" என்றாள். "மேனேஜருகிட்ட நானே சொல்றேன்."

"நீ சொன்னா யாரு நம்புவாங்க? ஒன் மூஞ்சிய பாத்தா?" என்றாள் சந்திரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. நடக்கிறதைச் சொன்னாள்.

ரெமிஜியஸ் திரும்பினான். அலமாரியில் வரிசையாக நின்ற திருவிழா ஜாடிகளில் ஒன்றை எடுத்து மூடியைத் திருகினான். பூசைக்குப் போவதற்காக அன்று காலைதான் சவரம் செய்திருந்தான். பொட்டு வைக்கவில்லை, மேல்முகமும் பார்க்கவில்லை. நான்கு விரலால் வழித்தெடுத்து இரண்டு கன்னத்திலும், தாடையிலும், கழுத்து வரைக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் போல அப்பினான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கடை எத்தன மணிக்குத் தொறப்பாங்க?" என்று சந்திரம்மாவைக் கேட்டான்.

"பத்து மணிக்கு தம்பி."

"நான் வரேன்."

சந்திரம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். மகளை அழைத்துக்கொண்டு போனாள். காந்தா மட்டும் படியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

செலஸ்டின் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் எடுத்துவந்தாள். சவரக் கத்தி பட்ட இடம் முதலில் சிவந்தது. பிறகு காது மடல் ஓரம். அவன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு நேராகத் தெருவைப் பார்த்தபடி இருந்தான். இரண்டாம் பூசைக்குப் போகிறவர்கள் வாசலில் நடை தளர்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"போதுங்க. தொடச்சிடறேன்."

"அந்தப் பொண்ணு ராத்திரி பூரா வெச்சிருந்தா" என்றான்.

கண்ணில் நீர் முட்டி இறங்கி, வெள்ளைக்கு நடுவே இரண்டு கோடு இழுத்தது. கோடு போன இடத்தில் தோல் செக்கச்செவேலென்று தெரிந்தது. செலஸ்டின் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கையிலிருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் மடியெல்லாம் நனைந்துகொண்டிருந்தது.