பதினோரு நொடி

அமெரிக்க டிவியில் வரும் மருந்து விளம்பரத்தின் கடைசியில், திரையில் ஒரு குடும்பம் நாயோடு ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் மூச்சு விடாமல் பக்கவிளைவுகளைப் பொரிந்து தள்ளுவாளே, அந்தப் புண்ணியவதி நான்தான். சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம். யார் மனதிலும் பதியக் கூடாது என்று கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் என் பிழைப்பு. முழுப் பட்டியலையும் பதினோரு நொடிக்குள், குரல் கொஞ்சமும் கலங்காமல் முடிக்க வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் கிழித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மார்லா என்ற டைரக்டர் கூப்பிட்டாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மனநோய் மாத்திரையால் ஒருத்தி நிலைகுலைந்துபோகும் திகில் படம். கதாநாயகி குளியலறையில் நிற்கும்போது பக்கத்து அறை டிவியிலிருந்து என் குரல் கேட்க வேண்டும். ஹோபோகனில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு.

உள்ளே நுழைகிற நேரத்தில் தம்பி கிளின்ட்டிடமிருந்து ஃபோன். பேட்டர்சனில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். பெண்டாட்டி விட்டுப்போனதிலிருந்து இடிந்துபோயிருந்தான். மூன்று வாரமாக மனச்சோர்வுக்கு மாத்திரை.

"அக்கா, நாலு நாளா உக்கார முடியல. கால் நிக்கவே மாட்டேங்குது. தோலைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிடலாம் போல இருக்கு."

"காபியக் கொறைடா. பஸ்ல உக்காந்து உக்காந்து உனக்கு உக்கார்றதே வெறுத்துப்போச்சு."

"கிண்டல் பண்ணாத. இப்படியே இருந்தா செத்துடலாம்னு தோணுது."

"ஒரு மணி நேரத்துல கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் டேக் பத்தரை நொடி. ஒரு வார்த்தையும் தடுமாறவில்லை.

"பிரமாதம். ஆனா இப்ப மெதுவா வேணும்" என்றாள் மார்லா. "அவ மண்டைக்குள்ள கேக்குற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா."

"மெதுவாவா? அதுக்கு என்னை எதுக்கும்மா கூப்பிட்டே?"

"அர்த்தம் புரிஞ்சு படிங்க, போதும்."

நேற்று முளைத்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று கடுப்பு. காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தேன். மருந்தின் பெயர்தான் கற்பனை. மற்றதெல்லாம் நான் நாற்பது விளம்பரங்களில் படித்த அதே வாசகம்.

"சிலருக்கு... அமைதியின்மை. ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. தற்கொலை எண்ணம். இவை தோன்றினால் உடனே..."

அங்கேயே நிறுத்தினேன். நாற்பது தடவை என் வாயால் சொன்னது ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன்.

"எங்க போறீங்க? டேக் அருமையா வந்துட்டிருக்கு!"

"நாசமாப் போகட்டும் உன் டேக்!"

காரிலிருந்து கிளின்ட்டைக் கூப்பிட்டேன். பத்து தடவை அடித்தது. எடுக்கவில்லை. பேட்டர்சன் போய்ச் சேர்ந்த அந்த அரை மணி நேரத்தில் கம்பெனியைத் திட்டினேன், இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பிய அவன் டாக்டரைத் திட்டினேன், எல்லாரையும்விடக் கேவலமாக என்னைத் திட்டிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் வீட்டு வாசலில் செருப்பில்லாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினேன்.

எமர்ஜென்சியில் ஒரு லேடி டாக்டர். நாலே கேள்விகள்தான் கேட்டார்.

"இது மருந்தால வர்றது. இன்னைக்கு இங்கயே இருங்க, பாத்து மாத்திடலாம். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது" என்றவர், நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "இப்படி வரும்னு யாருமே உங்களுக்குச் சொல்லலையா?"

கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்த கிளின்ட் என் பக்கம் கையை நீட்டினான்.

"இவ சொன்னா டாக்டர். தினமும் டிவில, இதே மாத்திரை விளம்பரத்துல, நாடு பூராவுக்கும் சொன்னா. அந்த வேகத்துல எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல. சொல்றது நம்ம அக்காதானேனு தைரியமா முழுங்கினேன்."