லாரிமோர் ஒன்றாம் எண்

லாரிமோர் மோட்டார்ஹோம் உரிமையாளர் சங்கத்தில் அடுப்பும் படுக்கையும் உள்ளேயே உள்ள வண்டிகள் நான்கு, பொறுப்பாளர்கள் பதினொரு பேர். அமெரிக்க வெள்ளைக்காரர்கள் நடத்திய காலத்தில் அது வெறும் கிளப்பாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஏரிக்கரையில் வண்டிகளை நிறுத்தி, இறைச்சி சுட்டுத் தின்று, கார்புரேட்டர் பற்றிப் பேசிவிட்டுக் கலைவார்கள். அவர்களுக்கு வயதாகி, வண்டிகள் ஒவ்வொன்றாக நம்மவர்கள் கைக்கு வந்த பிறகுதான் புரவலர், ஆலோசகர், வட்டாரத் தலைவர், பொன்னாடை எல்லாம் வந்தன. வண்டி ஓட்டுவது மட்டும் குறைந்துபோயிற்று.

சங்கத்தில் முதல் மரியாதை ஆலன் கிட்டுசாமிக்கு. ஆலன் டல்லாஸ் பக்கத்து ஊர்; அங்கே டெலிகாம் என்ஜினீயர், சொந்த ஊர் பொள்ளாச்சி. 1991-ல் அந்தப் பழைய வண்டியை வாங்கியபோது மனைவி சாந்தாமணியிடம், "கிராண்ட் கேன்யன் போறோம் புள்ள. போற வழியெல்லாம் வண்டிக்குள்ளயே காபி" என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து துடைத்தபோது கதவின் உட்புறம் ஒரு பித்தளைத் தகடு தெரிந்தது. லாரிமோர், 1971, வண்டி எண் 1. கம்பெனி மூடிப் பல காலமாகிவிட்டது. இதுதான் முதல் வண்டி என்பதற்கு அந்தத் தகட்டைத் தவிர வேறு சாட்சி உலகத்தில் இல்லை. அன்றோடு காபியும் போயிற்று, கேன்யனும் போயிற்று. முதல் வண்டியை யாராவது ரோட்டில் விடுவார்களா?

ஐந்து வருஷமாக அது கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்குள் இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தகட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் ஏறின. வாராவாரம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு நிறுத்துவது சாந்தாமணி. அவள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். கிட்டுசாமிக்கு அந்த வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. வட்டாரத் தலைவருக்கு ரிவர்ஸ் எதற்கு என்பது அவர் கட்சி.

1996, லாரிமோரின் வெள்ளி விழா ஆண்டு. சங்கத்தின் வரலாற்றுச் செயலாளர் சிவராமகிருஷ்ணன், நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஸ்பீக்கர்போனில் திட்டத்தை அறிவித்தார்.

"சக்கரம் எல்லாத்தையும் கழட்டிடறோம். கான்க்ரீட் பீடம் போட்டு பர்மனென்ட்டா நிறுத்திடறோம். ஃபியூச்சர் ஜெனரேஷன் வந்து பார்க்கணும் சார்!"

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார் கிட்டுசாமி.

அடுப்படியிலிருந்து சாந்தாமணி வந்தாள். "ஏனுங்க, கழட்டறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ கேன்யன் போயிட்டு வந்துரலாமுங்க. ஓட்டறது நானு. நீங்க சும்மா உக்காந்து வந்தாப் போதும்."

"ஓடோமீட்டர் ஏறிடும் மேடம்" என்றது போன். "ஒரிஜினாலிட்டி போயிடும்."

"ஓடாத வண்டிக்கு ஓடோமீட்டர் எதுக்குங்க?"

நியூஜெர்சி உடனே மதியச் சாப்பாட்டு மெனுவுக்குப் போய்விட்டது.

விழாவுக்கு முந்தின நாள் ஹூஸ்டனிலிருந்து சேனாபதியும் அவர் மனைவி ராஜலக்ஷ்மியும் தகட்டில் எண் 4 போட்ட தங்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். ராஜலக்ஷ்மி தலை கலைந்து, முகமெல்லாம் காற்று பட்டு, திருவிழா பார்த்தவள் மாதிரி இருந்தாள். "அடுத்த லீவுக்கு நயாகரா போறோம்க்கா. இதுலயே!" என்றாள் வந்ததும் வராததுமாக. ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடைகளில் வாங்கிய புளியும் அப்பளமும் சாந்தாமணி கைக்கு வந்தன.

சேனாபதி நேராகத் தகட்டிடம் போனார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"கிட்டு, ஒண்ணு ஒண்ணுங்கறீங்க. இந்தக் குங்குமத்துக்கு அடியில இருக்கிறது ஒண்ணா ஏழான்னு யாருப்பா கண்டா?"

கிட்டுசாமியின் காது சிவந்தது. "நாளைக்குத் திரை விலக்குவோமில்ல, அப்பப் பாருங்க." மனைவியைக் கூப்பிட்டார். "தகட்ட நல்லாத் தேச்சு வெச்சிரு புள்ள. உன்ற குத்துவெளக்கு மாதிரி மின்னோணும்."

சாந்தாமணி நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் வெட்டினதில்லை, கறுப்புப் பெயிண்டில் அச்சடித்தது.

"ஏனுங்க, இது பெயிண்டுங்க. புளி போட்டுத் தேச்சாப் போயிருமுங்க."

"ஃபேக்டரில போட்டது. அதெல்லாம் போகாது."

"போயிருச்சுன்னா?"

கிட்டுசாமிக்கு நாளைய உரையிலிருந்து ஒரு வரி நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிப் பார்க்க நல்ல சந்தர்ப்பம். "வரலாறு அழியாது. நீ தேய்!"

"நீங்க சொல்லித்தான் தேய்க்கறேன். ராஜி, நீயும் கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டேன்க்கா" என்று ராஜலக்ஷ்மி புளிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

புளி, உப்பு, இரும்பு ஸ்க்ரப்பர். முதலில் குங்குமம் போயிற்று. அப்புறம் பச்சைக் களிம்பு. அப்புறம் ஒன்று என்ற எண். சாந்தாமணி கையை எடுக்கவில்லை. சொன்ன வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தகடு சொக்கத் தங்கமாக மின்னியதும் அதன்மேல் பட்டுத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டு, வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாள். பெட்ரோலும் ஊற்றி வைத்தாள். கிட்டுசாமி கண்ணாடி முன் உரை பழகிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

விழாவன்று குத்துவிளக்கை வண்டிக்குள்ளேயே, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஏற்றப் போனார்கள். "வரலாறு வெடிச்சிருமுங்க" என்று சாந்தாமணி விளக்கை வெளியே தூக்கிவைத்தாள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. கிட்டுசாமிக்குப் பொன்னாடை. "வரலாறு அழியாது" என்று முடித்து, கைத்தட்டலுக்கு நடுவே திரையை விலக்கினார்.

தகட்டில் கிட்டுசாமி தெரிந்தார், பொன்னாடையோடு, மிகத் தெளிவாக. வேறு எதுவும் தெரியவில்லை.

"நம்பர் எங்க சார்?" நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த சிவராமகிருஷ்ணன் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"தேச்சாச்சுங்க" என்றாள் சாந்தாமணி. "தேய்னு சொன்னாருங்க."

"பதட்டமே வேண்டாம். போட்டோ இருக்கு!" செயலாளர் ஆல்பத்தைப் புரட்டினார். தகட்டுக்கு முன்னால் எடுத்த படங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் யாராவது ஒரு பொறுப்பாளர் தகட்டை முழுசாக மறைத்துக்கொண்டு மாலையோடு நின்றார். பல படங்களில் அது சிவராமகிருஷ்ணனே.

சேனாபதி தொண்டையைக் கனைத்தார். "அப்போ, ஆதாரத்தோட நிக்கிறதுல மூத்தது எங்க நாலுதான்."

செயற்குழு மரத்தடியில் கூடிக் கலைந்தது. பீடம் ஹூஸ்டனுக்கு மாறியது. பொன்னாடை ஒன்றுதான் வாங்கியிருந்ததால் அதுவும் தோள் மாறியது. "இனிமே நம்ம வண்டி நகராது!" என்று சேனாபதி அறிவித்தார். கைதட்டாமல் நின்றது ராஜலக்ஷ்மி மட்டும்.

கிட்டுசாமி வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து காபி வாசனை வந்தது. சாந்தாமணி ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஏறுங்க, போலாம்."

"வேணும்னுதான தேச்ச?"

"ஆமாங்க. சொல்லிட்டுத்தான தேச்சேன்."

அவர் காபியைக் குடித்தார். "ஏழு நாள் லீவு சொல்லோணும்" என்றார் கடைசியில்.

"நீங்க போன வாரமே விழாவுக்குன்னு சொல்லிட்டீங்க."

அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வேலிக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவே சாந்தாமணி வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுத்தாள். தெருவில் திருப்பும்போது ராஜலக்ஷ்மி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள். தூரத்தில் சேனாபதி தன் தகட்டை மறைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, புளி மிச்சமிருக்கா?"

சாந்தாமணி பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியே கொடுத்தாள்.

"உப்பும் போட்டுக்க ராஜி. ஒண்ணு சட்டுனு போயிரும். நாலு கொஞ்சம் முரண்டு பண்ணும், விட்றாத."