ஊசிக்கு மறுநாள்

...வலது பக்கம்தான் கொஞ்சம் அதிகம், இடது பக்கம் பரவாயில்லை, வலித்தால் வலிக்கட்டும், புட்டத்துக்கு ஒன்றாக இரண்டு ஊசி, அப்புறம் இரண்டு மாதம் எச்.ஐ.வி. வாயைத் திறக்காது, இந்த ஏற்பாடு மெரியானாவுக்குப் பிடித்திருந்தது. முப்பத்தொன்பதாவது செம்மறியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி வயிற்று ரோமத்தை வழித்தாள், குனிந்தால் சுருக்கென்கிறது, குனியாமல் எந்த ஆடு ரோமம் கொடுக்கும்? நேற்று மூன்று மணி நேரம் காரோட்டி டப்போ நகர ஆஸ்பத்திரிக்குப் போனதும், நர்ஸ் சிரித்துக்கொண்டே "ரத்தத்துல கிருமி கண்ணுலயே படல, போய் வேலையப் பாரு" என்றதும்... பார்க்கிறேனே, பக்கத்தில் ரோமம் வெட்டும் ஹோஹெப்பா இன்னும் முப்பத்துநாலாவது ஆட்டில் முக்கிக்கொண்டிருக்கிறான். ஊசிக்கு முன்னால், மாத்திரைக் காலத்தில் இப்படியா இருந்தாள்? ரோமம் வெட்டுகிற முகாமில் எட்டுப் பேருக்கு ஒரே சாப்பாட்டு மேசை, சோப்பு, சாக்ஸ், லைட்டர், எதையும் கேட்டு எடுக்கிற வழக்கமே கிடையாது, இந்தக் கும்பலில் தினம் ஒரு மாத்திரையை எங்கே ஒளிப்பது? தெரிந்தால் கோப்பையைத் தனியாக வைத்துவிடுவார்களே. வைட்டமின் டப்பாவில் போட்டுவைத்தாள், பெரிய புத்திசாலி என்று நினைப்பு. ஜலதோஷம் பிடித்த ஹோஹெப்பா ஒரு காலையில் "எனக்கும் ரெண்டு வைட்டமின்" என்று மூடியைத் திறந்தேவிட்டான், நல்லவேளை, சமையல்கார ஹூயா ஆன்ட்டி கரண்டியாலேயே அவன் கையில் ஒரு போடு போட்டாள், "வைடா கீழ, அது பொம்பளைங்க மாத்திரை, உனக்கு எதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள், மெரியானாவும் சிரித்தாள், அன்று மாலையே டப்பாவை ஆட்டுக் குட்டையில் வீசினாள். நாலு மாதம் ஒன்றும் விழுங்கவில்லை, உடம்பு இளைத்தது, காய்ச்சல் காய்ச்சலாக வந்தது, செத்தே போயிருப்பாள், முட்டாள். அப்புறம் டப்போவில் தங்கி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி விழுங்கி, கிருமியை அடக்கிக் காட்டித்தான் இந்த ஊசி... போ, நீ நாற்பத்தொன்று.

மணி அடித்தது, தேநீர் வேளை. "என்ன, வாத்து நடை நடக்குற? நேத்து குதிரை தள்ளிவிட்டுதா?" என்றான் ஹோஹெப்பா. "வாத்து உன்னைவிட அஞ்சு ஆடு முன்னாடி நிக்குது, எண்ணிப் பாரு." ஹூயா ஆன்ட்டி பொரித்த ரொட்டித் தட்டோடு வந்திருந்தாள். பெஞ்சில் மெரியானா உட்காருகிற இடத்தில் ஒரு பூப்போட்ட மெத்தை. போன ஊசிக்கு மறுநாளும் அது அங்கே இருந்தது, அதற்கு முந்தின ஊசிக்கும்... நடுவில்? நடுவில் ஒரு நாளும் இருந்ததில்லை.

"ஆன்ட்டி, இந்த மெத்தை..."

"உக்காரு முதல்ல. டீ ஆறுது." சர்க்கரை போதுமா என்று, எப்போதும் போல, மெரியானாவின் கோப்பையிலேயே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். எப்போதும் போல... பொம்பளைங்க மாத்திரை என்று சொன்ன மறுநாளும் இப்படித்தானே குடித்தாள், அப்படியென்றால் அன்றைக்கே அவளுக்கு... மெரியானா உட்கார்ந்தாள், மெத்தை மெத்தென்றிருந்தது, அப்படியென்றால் அந்த நாலு மாதமும் நான் யாருக்குப் பயந்து...