விசில் எந்தப் பக்கம்?

கடலில் விழுந்த மனிதன் எத்தனை மணி நேரம் உயிரோடிருப்பான் என்பதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு நீச்சல் தெரியாது. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. அவர் வேலை பார்த்த கடலோரக் காவல்படைத் தேடுதல் கட்டுப்பாட்டு அறை மூன்றாவது மாடியில் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் அவரைக் கடிகாரம் என்பார்கள். நேரில் சார். ஆள் காணாமல் போனால் அவர் ஒரு படிவம் நிரப்புவார். வயது, எடை, நீச்சல், உடுத்திய துணி, தண்ணீரின் குளிர், லைஃப் ஜாக்கெட் உண்டா இல்லையா. ஆறையும் தட்டினால் கம்ப்யூட்டர் ஒரு மணிக்கணக்குச் சொல்லும். அதுவரை கப்பல் தேடும். அப்புறம் திரும்பிவிடும். கடிகாரம் மூன்று வரியில் ஒரு கடிதம் அடிப்பார். மூன்றாவது வரி, 'வருந்துகிறோம்.'

கனத்த உடம்பு குளிரைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஜாக்கெட் போட்டவன் கூடுதலாக மிதப்பான் என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது.

"கரையில இருக்கிற வரைக்கும் அம்பது கிலோம்மா," என்பார் ரேடியோ ஆபரேட்டர் பெண்ணிடம். "விழுந்த உடனே எண்பது. அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துல நீச்சல்ல கப்பு வாங்கினவன். அத்தனை பேரும் ஜாக்கெட்டோடயே பொறந்தவன். இவங்க புளுகுக்கு நம்ம டீசல் எரியுது."

அதனால் படிவத்தில் இல்லாத ஏழாவது கேள்வி ஒன்றை அவரே கண்டுபிடித்திருந்தார். ஜாக்கெட்டில் விசில் எந்தப் பக்கம் தொங்கியது? நிஜமாகப் பார்த்தவர் பட்டென்று சொல்லிவிடுவார், புளுகுபவர் முழிப்பார். பார்த்தும் மறந்தவர் என்றொரு வகை இருக்கலாம் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவருக்கு இருந்த ஒரே கஷ்டம் முதுகுவலி. அதற்காகத் தன் நாற்காலிக்கு ஒரு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டிருந்தார். சாய்ந்தால் மெத்தென்று இருக்கும், விசில் மட்டும் இடது இடுப்பில் குத்தும். ஜாக்கெட் அவர் மச்சினனுடையது. சரக்குப் படகில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் வாங்கியது. ரெண்டு நாளில் தருகிறேன் என்று இவர் எடுத்துவந்து நாலு மாதம் ஆகிறது.

போன வாரம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த மச்சினன் தலையைச் சொறிந்தான். "மாமா, அந்த ஜாக்கெட்டக் குடுத்துருங்களேன். காத்தடிச்சா பயமா இருக்கு."

"நீ விழுந்தா படையே கெளம்பி வரும்டா. எனக்கு முதுகு போனா எவன் வருவான்?"

ஆபரேட்டர் சிரித்தாள். மச்சினனும் சிரித்துவைத்தான். கேரியரோடு சேர்த்தும் அவன் ஐம்பத்தொரு கிலோவைத் தாண்டமாட்டான்.

நேற்று இரவு ஒரு மீனவனின் மனைவி வந்தாள். புருஷன் எண்பத்தைந்து கிலோ என்றாள். கடிகாரம் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு ஐம்பத்தெட்டு என்று எழுதினார்.

"ஜாக்கெட் போட்டிருந்தாரு சார். நான்தான் பட்டிய இழுத்துக் கட்டிவிட்டேன்."

"விசில் எந்தப் பக்கம்?"

அவள் குனிந்து தன் உடம்பையே பார்த்துக்கொண்டாள். "வலது... இல்ல சார், எடது..."

"ரெண்டு விசிலாம்மா, பாவம், காதே போயிருக்கும்," என்றவர் 'இல்லை' என்று எழுதினார்.

இன்று பகல் பன்னிரண்டுக்கு அந்த மீனவனின் நேரம் முடிந்தது. கப்பலுக்குத் திரும்பச் சொல்லியாயிற்று. கடிதத்தை வாங்கியவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வரியை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கடிகாரத்தின் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, தம்பி படகுலேர்ந்து விழுந்துட்டானாம். காலையில ஆறு மணிக்கே. ரேடியோ ரிப்பேராம், படகோட்டி இப்பத்தான் கரைக்கு வந்து சொல்றான். ஏங்க, கேக்குதா?"

"கேக்குது."

"அவன் ஜாக்கெட்ட வீடு பூரா தேடிட்டேன், காணல. போட்டுக்கிட்டுத்தானே போயிருப்பான்? சொல்லுங்களேன்!"

"போட்டுக்கிட்டுத்தான் போயிருப்பான்," என்று சொல்லி போனை வைத்தார்.

கம்ப்யூட்டர் இல்லாமலே அவருக்குத் தெரியும். ஐம்பது கிலோ, அரைகுறை நீச்சல், ஜாக்கெட் கிடையாது: ஒன்பது மணி நேரம். ஆறோடு ஒன்பது, பிற்பகல் மூன்று. கப்பல் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே மூன்றாகிவிடும். போனதும் திரும்ப வேண்டியதுதான். ஜாக்கெட் உண்டென்றால் இருபத்தாறு மணி நேரம். நாளைக் காலை எட்டு வரை தேடுவார்கள்.

ஆபரேட்டர் படிவத்தைத் திறந்தாள். "கப்பல் திரும்பிக்கிட்டிருக்கு சார். மணிக்கணக்கு குடுத்தா அப்படியே திருப்பி விட்டுரலாம். எடை?"

"எழுபத்தெட்டு."

அவள் அடித்தாள். "நீச்சல்?"

"நல்லா அடிப்பான். பள்ளிக்கூடத்துல கப்பு வாங்கினான்."

அதையும் அடித்தாள். "லைஃப் ஜாக்கெட்?"

"போட்டிருந்தான்."

அவள் விரல்கள் நின்றன. அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த ஆரஞ்சைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, தினமும் அவர் கேட்கிற குரலிலேயே கேட்டாள். "ஏழாவது கேள்வி சார். விசில் எந்தப் பக்கம்?"

வராந்தா பெஞ்சில் இருந்தவள் கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

கடிகாரம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். குத்தியது.

"எடது பக்கம்," என்றார்.